கழிப்பறை நாட்காட்டியிலிருந்த கடவுச்சொல்

ஹில்லி வேலை செய்கிற மேசை ஜன்னலோரம் இருந்தது. காம்பன் ஊரின் அந்தத் தெருவில் எல்லா ஜன்னல்களுக்கும் திரை உண்டு. ஆனால் யாரும் அதை இழுத்து மூடுவதில்லை. மூடினால் உள்ளே ஏதோ நடக்கிறது என்று தெரு நினைத்துக்கொள்ளும். ஆகவே காலை எட்டு மணிக்கு ஹில்லி காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கணினி முன் உட்கார்ந்தால், நாயோடு போகிறவர்கள், சைக்கிளில் போகிறவர்கள், ரொட்டி வாங்கி வருகிறவர்கள் எல்லோரும் கண்ணாடி வழியாகத் தலையசைத்துவிட்டுத்தான் போவார்கள். அவளும் தட்டச்சு செய்கிற கையை நிறுத்தாமல் தாடையை உயர்த்துவாள்.

ஸ்வோலே நகரத்து மறுவாழ்வு மருத்துவமனை ஒன்றின் மருத்துவர்கள் வாயால் சொல்லிப் பதிந்துவைப்பதைக் கடிதமாக அடித்துக் கொடுப்பது அவள் வேலை. அதற்கு முன் இருபத்தாறு வருடம் இதே ஊரில் தபால்காரியாக இருந்தாள். இரண்டு முழங்கால்களும் சைக்கிள் மிதிக்க மறுத்த பிறகுதான் உட்காரும் வேலைக்கு வந்தாள். முதலில் தினமும் ரயிலேறி ஸ்வோலேக்குப் போய்க்கொண்டிருந்தாள். மூன்று வருடத்துக்கு முன் ஒரு காலையில் கணவன் ரூலோஃப் சவரம் செய்துகொண்டிருந்தபோதே கண்ணாடி முன் சரிந்தான். அதன் பிறகு அவள் ரயிலேறவில்லை.

ரூலோஃப் ஐசல் ஆற்றுப் பாலத்தின் காவலன். படகு வந்தால் பாலத்தைத் தூக்குவதும் போன பின் இறக்குவதும் அவன் வேலை. பக்கவாதம் அவனுடைய வலது கையை எடுத்துக்கொண்டது. சொற்களை எடுத்துக்கொள்ளவில்லை, கலைத்துப் போட்டுவிட்டது. காபி வேண்டுமென்றால் "நங்கூரம்" என்பான். மூக்குக்கண்ணாடியைக் காணோமென்றால் "கத்தரிக்கோல்" என்பான். சொன்ன சொல் தப்பு என்று அவனுக்கே தெரியும். முகம் சிவக்கும். ஹில்லி சொல்லைத் திருத்தாமல் கண்ணாடியை எடுத்துக் கொடுப்பாள்.

பகல் நேரம் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்றில் அவனைச் சேர்த்துப் பார்த்தார்கள். இரண்டு நாள் போனான். இரண்டு நாளும் மேல்கோட்டைக் கழற்றாமல் வாசலைப் பார்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தானாம். மூன்றாம் நாள் ஹில்லி அலுவலகத்துக்குப் போய், வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி வாங்கி வந்துவிட்டாள்.

அந்த அனுமதிக்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது.

ஜூன் மாதம் இரண்டாவது வாரம், செவ்வாய்க்கிழமை கடிதம் வந்தது. நோயாளிகளைப் பற்றிய எழுத்து வேலையை வீட்டில் செய்கிறவர்கள், தங்கள் வீட்டு வைஃபை பாதுகாப்பானதுதானா என்று பரிசோதனைக்கு உட்பட வேண்டும். ஒன்பது கேள்விகள். வியாழன் காலை பத்து மணிக்கு மருத்துவமனையின் கணினிப் பிரிவிலிருந்து வீடியோவில் அழைப்பார்கள். தேறாதவர்கள் திங்கட்கிழமை முதல் அலுவலகத்துக்கு வந்து வேலை செய்ய வேண்டும்.

ஹில்லி ஒன்பது கேள்விகளையும் படித்தாள். அவளுக்கு விளங்கியது 'கடவுச்சொல்' என்கிற ஒரு சொல் மட்டும்தான். வீட்டில் வைஃபை விஷயமெல்லாம் பார்த்தவன் ரூலோஃப். அவனைக் கேட்டால் அவனுக்கு எல்லாம் தெரியும். வாயில் வருவது மட்டும் வேறாக இருக்கும்.

புதன்கிழமை பத்தரை மணிக்குப் பக்கத்து வீட்டு பேரெண்ட் வழக்கம்போலக் காபிக்கு வந்தான். படகுகளுக்கு வண்ணம் பூசி ஓய்வு பெற்றவன். ஆற்றின் அக்கரையில் நிற்பவனோடு பேசிப் பழகிய குரல். ஹில்லி பிஸ்கட் டப்பாவைத் திறந்தாள். அவன் ஒன்று எடுத்தான், ரூலோஃப் ஒன்று எடுத்தான், அவள் ஒன்று எடுத்தாள். டப்பாவை மூடி அலமாரியில் வைத்தாள். அந்த வீட்டில் ஒரு காபிக்கு டப்பா இரண்டு முறை திறந்ததில்லை.

"என்ன ஹில்லி, மூஞ்சி இன்னைக்கு மழைக்கால ஆறு மாதிரி இருக்கு?"

அவள் கடிதத்தை நீட்டினாள். பேரெண்ட் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தான்.

"இதுக்குப் போயி யாராவது தூக்கம் கெடுப்பாங்களா? எல்லாத்துக்கும் 'ஆமா'ன்னு டிக் போடு. அவனுங்க என்ன ஏணி வச்சு ஏறி வந்து பாக்கப் போறானுங்களா?"

"வீடியோல பாப்பாங்களாம்."

"பாக்கட்டும். சிரிச்ச முகமா உக்காரு."

"ஏழாவது கேள்வி படிச்சியா? 'வீட்டில் வசிக்காத எவருக்காவது கடவுச்சொல் தெரியுமா?'"

பேரெண்ட் காபியை ஒரு மிடறு குடித்தான். பிறகு இன்னொரு மிடறு. "தெரியாதுன்னு போடு" என்றான், வழக்கமான குரலை விடக் கொஞ்சம் தாழ்வாக.

ரூலோஃப் இதெல்லாம் கேட்டபடி கைக்கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பேரெண்டின் தோட்டத்துக் கோடியில் மரத்தில் மாட்டிய பறவைப் பெட்டிக்குள் ஒரு சின்னக் கேமரா. அதில் ஒரு சிட்டுக் குடும்பம் தெரியும். ஏழு குஞ்சுகள். தினமும் காலையில் இடது கையை விரித்து ஐந்து காட்டி, பிறகு இரண்டு விரல் காட்டுவான். எண்ணிக்கை மட்டும் அவனுக்குத் தப்புவதில்லை. இந்த வாரத்தில் குஞ்சுகள் கூட்டை விட்டுப் பறந்துவிடும். பேரெண்ட் இன்றா நாளையா என்று பந்தயமே கட்டியிருந்தான்.

மதியம் ரூலோஃப் கண்ணயர்ந்ததும் ஹில்லி கடிதத்தோடு வந்திருந்த விளக்கத்தாளை விரித்தாள். தபால் வேலையில் புது வழித்தடம் கொடுத்தால் அவள் முதலில் பையில்லாமல் ஒரு முறை நடந்து பார்ப்பாள். இதையும் அப்படியே பார்ப்பது என்று முடிவு செய்தாள்.

வாசலை ஒட்டிய மின்மானி அலமாரியைத் திறந்தாள். மின்மானி, எரிவாயு மானி, தூசி உறிஞ்சி, பழைய மழைக்கோட்டு. இவற்றுக்குப் பின்னால் பச்சை விளக்கு மினுங்க ஒரு வெள்ளைப் பெட்டி. இதுதான் ரூட்டர். தாளில், வெளியிலிருந்து வரும் இணையத்தை வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் பிரித்துக் கொடுப்பது என்று எழுதியிருந்தது. ஓ, தபால் பிரிக்கிற கூடம் என்று நினைத்தாள். மூட்டையாக வருவதை எண் பார்த்து எண் பார்த்துப் பிரிக்கிறது. கணினிக்கு வந்தது தொலைக்காட்சிக்குப் போகாது.

அடுத்து நெட்வொர்க் பெயர். இது வாசலில் மாட்டும் பெயர்ப்பலகை. யாரும் தெருவில் நின்று படிக்கலாம். ரூலோஃப் வைத்திருந்த பெயர் 'பாலக்காவலன் 14'. தொழிலும் இருக்கிறது, வீட்டு எண்ணும் இருக்கிறது. பலகையை மறைத்து வைக்கவும் ஒரு வழி உண்டு, ஆனால் அதனால் பெரிய பயனில்லை என்றது தாள். ஹில்லிக்கு அது உடனே விளங்கியது. பெயர்ப்பலகையைக் கழற்றிய வீடுகளுக்கும் அவள் தபால் போட்டிருக்கிறாள். வீடு அங்கேதானே இருக்கும்.

மறையாக்கம் என்பது அவளுக்கு அதைவிட எளிதாக இருந்தது. பூட்டில்லாத வைஃபையில் போகிற செய்தி அஞ்சலட்டை. கையில் கிடைத்தவன் படிப்பான். மறையாக்கம் செய்தது ஒட்டிய உறை. ஆனால் உறையிலும் ரகம் உண்டு. இருபது வருடத்துக்கு முந்தைய முறை ஆவியில் காட்டினால் பிரிந்துவிடும் பசை. இப்போதையது அரக்கு முத்திரை. அவள் வீட்டில் எது என்று அவளுக்குத் தெரியவில்லை.

கடவுச்சொல் ஒன்றல்ல, இரண்டு. ஒன்று வைஃபையில் சேர்வதற்கு. மற்றொன்று ரூட்டரின் அமைப்புகளையே திறந்து மாற்றுவதற்கு. முன்னது வீட்டுச் சாவி. பின்னது பூட்டு செய்கிறவனின் பெட்டிச் சாவி. அது கையில் இருந்தால் எல்லாப் பூட்டையும் மாற்றிவிடலாம்.

பெட்டியின் பக்கவாட்டில் ஒரு பொத்தான். கடவுச்சொல் அடிக்காமலே அதை அழுத்திப் புதிய கருவியைச் சேர்க்கலாம். அதே வசதிக்காகப் பெட்டிக்குள் எட்டு இலக்க எண்ணும் இருக்கும். அந்த எண்ணை மாற்றி மாற்றிப் போட்டே கண்டுபிடித்துவிடுவார்கள், அணைத்து வையுங்கள் என்றது தாள். ஹில்லி வாய்விட்டுச் சிரித்தாள். கடிதத் துளையிலிருந்து தொங்கும் கயிறு! பிள்ளைகள் பள்ளி விட்டு வந்தால் திறந்துகொள்ளட்டும் என்று தாழ்ப்பாளில் கட்டி, கதவிலுள்ள கடிதத் துளை வழியாக வெளியே விட்டிருப்பார்கள். அவள் வழித்தடத்தில் அப்படிப் பதினொரு வீடுகள் இருந்தன. பிள்ளைகளுக்காக விட்ட கயிற்றை யார் இழுத்தாலும் கதவு திறக்கும்.

அவள் தாளை மடித்தாள். ஏழாவது கேள்வி மட்டும் மடிப்புக்கு வெளியே தெரிந்தது.

வியாழன் பத்து மணிக்கு அழைத்தவளுக்கு முப்பது வயதிருக்கும். பெயர் நவால். தலைமுடியைப் பென்சிலால் குத்தி முடிந்திருந்தாள்.

"வணக்கம் மேடம். ஒரு மணி நேரம் ஆகும், பரவாயில்லையா?"

"மேடம்லாம் வேணாம். ஹில்லின்னே கூப்பிடும்மா."

"சரி ஹில்லி. முதல்ல நீங்க உக்காந்திருக்கிற இடத்தைக் கொஞ்சம் சுத்திக் காட்டுங்க."

ஹில்லி கைப்பேசியைத் திருப்பினாள். ஜன்னலுக்கு வெளியே நாயோடு நின்ற ஒருவர் நவாலைப் பார்த்துக் கையசைத்தார்.

"அவர் யாரு?"

"தெரியல. தினமும் போவாரு."

"அவர் நிக்கிற இடத்துலேர்ந்து உங்க கணினித் திரை தெரியுதே. நோயாளி பேரு, நோயி, எல்லாம்."

ஹில்லிக்குச் சுருக்கென்றது. இத்தனை வருடம் கதவு கதவாக மூடிய உறைகளைக் கொண்டுபோய்ப் போட்டவள். இங்கே கடிதங்களைக் கண்ணாடியில் ஒட்டிவைத்த மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். "திரையை மூடணுமா?" என்று மெல்லக் கேட்டாள்.

"ஐயோ, திரையை மூடச் சொன்னா எங்கம்மாவே என்னை வீட்டுக்குள்ள விட மாட்டாங்க. மேசையைத் திருப்பிப் போடுங்க, போதும். இப்ப ரூட்டர் எங்க இருக்கு?"

அலமாரிக்குப் போகும் வழியில் கழிப்பறை. அதன் கதவு திறந்திருந்தது. உள்ளே, எல்லா வீட்டிலும் இருப்பதுபோல, உட்கார்ந்தால் கண்ணுக்கு நேராக, வருடம் மாறினாலும் மாற்றத் தேவையில்லாத பிறந்தநாள் நாட்காட்டி தொங்கியது. ஜூன் பக்கம்.

"நில்லுங்க, நில்லுங்க" என்றாள் நவால். "கொஞ்சம் பின்னாடி போங்க. அந்த நாட்காட்டில மேல பென்சில்ல என்ன எழுதியிருக்கு?"

ஹில்லி பார்த்தாள். தினமும் பார்க்கிற எழுத்துதான். இந்த வீட்டில் எல்லாம் அதனதன் இடத்தில் வருடக்கணக்காக இருப்பதால் அவள் கண் அதைத் தாண்டிப் போயிருந்தது. ரூலோஃபின் கை. நேராக நிமிர்ந்து நிற்கும் எழுத்து, வலது கை நன்றாக இருந்தபோது எழுதியது. ஜூன் பதினொன்று அவன் பிறந்தநாள். மாதப் பெயருக்கு மேலே: ரூலோஃப்1106.

"அது..." என்றாள் ஹில்லி.

"பாஸ்வேர்டு" என்றாள் நவால்.

"ஆமாம்மா."

"வேற எங்க எழுதியிருக்கீங்க? சமையலறைல? வாசல் கதவுல?"

"வேற எங்கயும் இல்ல. இங்க மட்டும்தான்."

"ஊர்ல எல்லாரும் வந்து தனியா உக்காந்து நிதானமா படிக்கிற ஒரே இடத்துல." நவால் சிரிப்பை அடக்கியபடி ஏதோ தட்டினாள். "சரி, பெட்டியைப் பாப்போம்."

ஹில்லி கணினியில் ரூட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தாள். அதற்கான கடவுச்சொல் பெட்டியின் அடியில் ஒட்டிய சீட்டிலேயே இருந்தது, வாங்கி வந்த நாளிலிருந்து மாற்றாமல். பொத்தான் வசதி திறந்திருந்தது. மறையாக்கம் பழைய ரகம். பெட்டியின் உள்மென்பொருளைப் புதுப்பித்து நான்கு வருடம் ஆகியிருந்தது. "உடைஞ்ச பூட்டுக்கெல்லாம் கம்பெனிக்காரன் இலவசமா புதுசு அனுப்பிட்டே இருக்கான், நீங்க பார்சலைப் பிரிக்கல, அவ்வளவுதான்" என்றாள் நவால். ஹில்லிக்கு அந்த விளக்கம் பிடித்திருந்தது.

"இப்ப இணைஞ்சிருக்கிற கருவிகளோட பட்டியலைத் திறங்க. உங்க வீட்ல எத்தனை?"

"என் கணினி, என் போன், ரூலோஃபோட கைக்கணினி, டிவி. நாலு."

பட்டியல் விரிந்தது. ஹில்லி கைப்பேசியைக் கணினிக்கு நேரே பிடித்தாள். இருவரும் எண்ணினார்கள்.

பதினேழு.

'பேரெண்ட்-போன்'. 'பேரெண்ட்-டிவி'. 'பேரெண்ட்-துணி-துவைப்பான்'. 'கூடு-கேமரா'. 'எண்-18-மாடி'. இப்படியே போனது.

"இந்தத் துணி துவைக்கிற மெஷின் யாரோடது?" என்றாள் நவால்.

"பக்கத்து வீட்டுக்காரனோடது" என்றாள் ஹில்லி. அவளுக்கு இப்போதுதான் வரிசையாக விளங்கியது. ஒவ்வொரு ஜூன் பதினொன்றும் தெருவே வரும். நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்காரும். ஒவ்வொருவராகக் கழிப்பறைக்குப் போவார்கள். போனவர்கள் ஏன் கைப்பேசியோடு போய் அவ்வளவு நேரம் கழித்து வந்தார்கள் என்று அவள் யோசித்ததே இல்லை. கேக்கில் ஏதாவது இருந்திருக்குமோ என்றுதான் கவலைப்பட்டிருக்கிறாள்.

"ஹில்லி, ஏழாவது கேள்வி. நான் கேட்டுத்தான் ஆகணும். நீங்க சொல்றதைத்தான் எழுதுவேன். வீட்ல வசிக்காத யாருக்காவது பாஸ்வேர்டு தெரியுமா?"

பட்டியலிலிருந்ததை ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். பழைய கைப்பேசிகள் என்று சொல்லலாம். முன்னறையில் ரூலோஃப் கைக்கணினியைப் பார்த்து இடது கையை விரித்து ஐந்து, பிறகு இரண்டு என்று காட்டிக்கொண்டிருந்தான். பகல் இல்லத்தில் அவன் கழற்றாத அந்த மேல்கோட்டை ஹில்லி நினைத்தாள். ஆனால் தபால் வேலையில் சேர்ந்த அன்று, அடுத்தவர் கடிதத்தின் ரகசியத்தைக் காப்பேன் என்று கையெழுத்துப் போட்டவள் அவள். இப்போது அடித்துக்கொண்டிருப்பதும் அடுத்தவர் கடிதம்தான்.

"தெருவுக்கே தெரியும்" என்றாள்.

நவால் பென்சிலை முடியிலிருந்து உருவிக் கடித்தாள். "இப்படியே எழுதினா திங்கட்கிழமை நீங்க ஸ்வோலேல இருக்கணும்."

"தெரியும்."

"பரிசோதனை இன்னைக்கு நாள் முழுக்கன்னு தாள்ல போட்டிருக்கு. நான் இன்னும் முடிக்கல." கடிகாரத்தைப் பார்த்தாள். "நாலு மணிக்கு மறுபடி கூப்பிடுறேன். அப்ப பட்டியல்ல வெளியாள் கருவி ஒண்ணுகூட இருக்கக் கூடாது. புது பாஸ்வேர்டு, புது மறையாக்கம், உள்மென்பொருள், பொத்தான் அணைப்பு. எழுதிக்கோங்க. எழுதுன தாளைக் கழிப்பறைல மாட்டாதீங்க."

"பாஸ்வேர்டு எப்படி இருக்கணும்?"

"நாலு சொல்லு. ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இருக்கக் கூடாது. பிறந்தநாள், நாய் பேரு, தெரு பேரு எதுவும் வேணாம். உங்களை நல்லாத் தெரிஞ்சவங்களே ஊகிக்க முடியாத நாலு சொல்லு."

முதலில் தெருவுக்குச் சொல்ல வேண்டும். ஒரு வார்த்தை சொல்லாமல் வெட்டிவிட்டால் அந்தத் தெருவில் அது பத்து வருடம் பேசப்படும். ஹில்லி ரூலோஃபிடம் அரை மணி நேரம் என்றாள். முழங்கால் பட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். வீட்டு எண் பன்னிரண்டிலிருந்து இருபத்திரண்டு வரை. கைகள் தாமாகவே பையைத் தேடின.

பதினெட்டாம் எண் மாடிக்காரி கதவைத் திறந்து, "ஐயையோ, அது உங்க வைஃபையா? ஊருக்கே பாலத்து ஆபீஸ் குடுக்கிறதுன்னுல்ல நினைச்சேன்!" என்றாள், கழிப்பறை நாட்காட்டியைப் பார்த்தே இராதவள்போல. இருபதாம் எண் மனிதர் உடனே மன்னிப்புக் கேட்டார். கையோடு இன்னும் ஒரு மணி நேரம் தர முடியுமா, கால்பந்துத் தொடரின் கடைசிப் பகுதி பாக்கி இருக்கிறது என்றும் கேட்டார்.

பேரெண்ட் தன் வாசலிலேயே நின்றிருந்தான்.

"தெரியாதுன்னு சொல்லுன்னேனே!"

"உன் துணி துவைக்கிற மெஷின் அவகிட்டப் பேசிடுச்சு பேரெண்ட். அதுக்கு எதுக்குடா இணையம்? துணிக்குச் செய்தி படிச்சுக் காட்டவா?"

"துவைச்சு முடிச்சா போனுக்குச் சொல்லும்."

"நீ மெஷினுக்கு எதிர்லயே உக்காந்திருக்க!"

அவன் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. "ஹில்லி, அப்ப கேமரா? என் வீட்டு வைஃபை தோட்டத்துக் கோடிக்கு எட்டாது. உன்னோடதுதான் எட்டும். அதான் அதுல போட்டேன். இன்னைக்குக் காலைல ஒரு குஞ்சு வாசல் துளை வரைக்கும் வந்து எட்டிப் பாத்துச்சு."

அவள் திரும்பி நடந்தாள். திரும்பும்போதுதான் முழங்கால் வலித்தது.

உள்மென்பொருள் புதுப்பித்து முடிய இருபது நிமிடம் ஆனது. பெட்டி அணைந்து எரிந்தது. பொத்தானை அணைத்தாள். மறையாக்கத்தைப் புது ரகத்துக்கு மாற்றினாள். அமைப்புச் சாவிக்குக் கணினியே எடுத்துக்கொடுத்த நீளமான எழுத்துக்கோவையை வைத்து, அதை ஒரு தாளில் எழுதி, உறையிலிட்டு ஒட்டி, துணி அலமாரிக்குள் வைத்தாள். கடைசியாக வைஃபைக்கான கட்டம் காலியாக நின்றது.

நாலு சொல். சம்பந்தமில்லாதவை.

பாலம் என்று நினைத்தாள். அடுத்து படகு வந்தது. கடிதம் என்றால் உறை. காபி என்றால் பிஸ்கட். இருபத்தாறு வருடம் எண் வரிசையில் அடுக்கிய மூளை, சம்பந்தமில்லாத ஒன்றைக் கொடுக்க மறுத்தது. ஒரு சொல் எடுத்தால் அதன் பக்கத்து வீடுதான் வந்து நின்றது. மணி மூன்றைத் தாண்டியது.

முன்னறையில் ரூலோஃப் கைக்கணினியைத் தட்டிக்கொண்டிருந்தான். பெட்டி அணைந்ததிலிருந்து திரை கறுப்பாக இருந்தது. அவன் அதைக் காட்டினான். தோட்டத்தைக் காட்டினான். ஐந்து விரல், இரண்டு விரல் காட்டினான். வாயைத் திறந்தான். ஒரு சொல் வந்தது. அது இல்லை என்று தலையை ஆட்டினான். இன்னொன்று வந்தது. முகம் சிவந்தது.

"இரு, இரு" என்று அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தவளுக்கு அப்போதுதான் பொறி தட்டியது.

நங்கூரமும் கத்தரிக்கோலும் தெருவுக்கே தெரியும். பேரெண்டே காபி கேட்கும்போது நங்கூரம் என்று கேட்கிறவன். ஆனால் இவளிடம் மட்டும் வருகிற சொற்கள் உண்டு. காலையில் காலுறை மாட்டும்போது அவன் சொல்வது ஒன்று. முதுகு தேய்த்துவிடும்போது ஒன்று. மழை வந்தால் ஒன்று. இவள் பெயருக்குப் பதிலாக அவன் வாயில் வருவது ஒன்று. மூன்று வருடமாக அதைக் கேட்டுத்தான் அவள் திரும்பிப் பார்க்கிறாள். ஒன்றுக்கொன்று எந்தச் சம்பந்தமும் இல்லை. உலகத்தில் யாராலும் அந்த நான்கையும் வரிசைப்படுத்தி ஊகிக்க முடியாது.

அவள் மேசைக்குப் போய் நான்கையும் அடித்தாள். திரையை ரூலோஃப் பக்கம் திருப்பினாள். அவன் ஒவ்வொரு சொல்லாகப் படித்தான். படிப்பது அவனுக்குத் தடையில்லாமல் வரும். நான்காவதற்கு வந்ததும் அவளைப் பார்த்தான். முகம் சிவக்கவில்லை. இடது கையால் மேசையை ஒரு தட்டுத் தட்டினான், படகுக்காரனுக்குப் போகலாம் என்று சொல்வதுபோல.

ஹில்லி சேமித்தாள். கணினியையும் கைப்பேசியையும் மட்டும் சேர்த்தாள்.

நாலு மணிக்கு நவால் அழைத்தாள். மேசை சுவரைப் பார்க்கத் திரும்பியிருந்தது. நெட்வொர்க் பெயர் யாருக்கும் எதுவும் சொல்லாத மூன்றெழுத்து. பட்டியலில் இரண்டே இரண்டு கருவிகள்.

"பாஸ்வேர்டு என்னன்னு எனக்குச் சொல்ல வேணாம்" என்றாள் நவால். "சம்பந்தமில்லாத நாலு சொல்தானே?"

"சம்பந்தமே இல்ல."

"எங்க எழுதி வச்சிருக்கீங்க?"

"எழுதவே வேணாம். தினமும் காதுல விழும்."

நவாலுக்கு அது விளங்கவில்லை. கேட்கவும் இல்லை. ஏதோ தட்டினாள். "ஏழாவது கேள்வில, 'இருந்தது, இன்று சரிசெய்யப்பட்டது'ன்னு எழுதுறேன். தேறிட்டீங்க ஹில்லி. திங்கட்கிழமை அங்கேயே உக்காந்து அடிங்க."

ஹில்லி விளக்கத்தாளை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். பிறகு, "ஒண்ணு கேக்கலாமா?" என்றாள். "விளக்கத்தாள்ல கடைசில விருந்தினர் நெட்வொர்க்னு ஒண்ணு போட்டிருந்துச்சே. அது முன்னறை மாதிரியா? வர்றவங்க உக்காரலாம், ஆனா மாடிப்படி ஏற முடியாது?"

"அதேதான். அதுல இருக்கிறவங்களுக்கு இணையம் கிடைக்கும். உங்க வேலைக் கணினி இருக்கிற பக்கம் எட்டிப் பாக்க முடியாது. அதைத் திறந்துவிடுறதுல எனக்கு ஆட்சேபணை இல்ல."

"அதுக்குப் பழைய பெயர்ப்பலகையை மாட்டலாமா? பழைய பாஸ்வேர்டையே போடலாமா?"

"பேரு உங்க இஷ்டம். பாஸ்வேர்டு அவ்வளவு சின்னதா வேணாம். தெருவுல போறவன் பண்ற தப்புக்கும் போலீஸ் உங்க வாசல்லதான் வந்து நிக்கும். இன்னும் கொஞ்சம் நீட்டுங்க."

ஹில்லி விருந்தினர் நெட்வொர்க்கைத் திறந்துவிட்டு, பேனாவை எடுத்துக்கொண்டு கழிப்பறைக்குப் போனாள். ரூலோஃபின் பென்சில் எழுத்தை அழிக்கவில்லை. அதற்குப் பின்னால் இடம் விடாமல் தன் கையால் சேர்த்து எழுதினாள்: ரூலோஃப்1106ஒரேஒருபிஸ்கட்.

நாலரை மணிக்கு பேரெண்ட் ஏணியோடு தோட்டத்துக் கோடிக்குப் போய்க் கேமராவை அந்த நெட்வொர்க்கில் சேர்த்தான். ரூலோஃபின் கைக்கணினியையும் ஹில்லி அதில் சேர்த்ததும் கூடு தெரிந்தது. அவன் எண்ணினான். ஐந்து விரல். பிறகு ஒரே ஒரு விரல். ஒன்று பறந்துவிட்டிருந்தது. மீதி ஆறும் வெள்ளிக்கிழமை காலை ஒவ்வொன்றாகத் துளை வழியே போவதை அவன் நாற்காலியை விட்டு எழாமல் பார்த்தான்.

சனிக்கிழமை ஜூன் பதினொன்று. தெரு வந்தது. வந்தவர்கள் ரூலோஃபுக்குக் கைகொடுத்து, "உன் புருஷன் பிறந்தநாளுக்கு வாழ்த்து" என்று ஹில்லிக்கும் கைகொடுத்து, அப்புறம் ஒருவருக்கொருவர் வாழ்த்திக்கொண்டு வட்டமாக உட்கார்ந்தார்கள். ஒவ்வொருவராகக் கைப்பேசியோடு கழிப்பறைக்குப் போய், சிரித்துக்கொண்டே வந்தார்கள். ஒரு சுற்று பிஸ்கட் முடிந்தது. ஹில்லி டப்பாவை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

"இந்த முன்னறையெல்லாம் சரி" என்றான் பேரெண்ட், வட்டத்துக்கே கேட்கும் குரலில். "உள்ளறைக்கு என்ன பாஸ்வேர்டு வச்சிருக்க? நங்கூரமா?"

"இல்ல."

"கத்தரிக்கோலா?"

"நீ ராத்திரி வரைக்கும் கேட்டாலும் வராது."

பேரெண்ட் நாற்காலியை ரூலோஃப் பக்கம் நகர்த்தினான். "இவகிட்ட எதுக்குக் கேக்கணும்? டேய் ரூலோஃப், நீ சொல்லுடா. என்ன வச்சிருக்கா?"

ரூலோஃப் சிரித்துக்கொண்டிருந்தான். சிரிப்போடு ஹில்லியைப் பார்த்தான். அவளைக் கூப்பிட வாயைத் திறந்தான்.

ஹில்லி டப்பாவைத் திறந்தாள். இரண்டாவது பிஸ்கட்டை எடுத்து அவன் வாயில் வைத்தாள்.